ஒரே டி.என்.ஏ., வேறு வேறு செல்கள்: புரதங்கள் மரபணுக்களை அடக்கி வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கல்லீரல் செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வும் மூளையின் நரம்பு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வும் ஒன்றேதான். இரண்டிலும் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. ஆனால் ஒன்று அல்புமின் என்ற ரத்தப் புரதத்தை அள்ளி அள்ளிச் சுரக்கிறது, மற்றொன்று மின்துடிப்பை அனுப்புகிறது. "தேவையான மரபணுக்களை மட்டும் செல் இயக்கிக்கொள்கிறது" என்று பாடப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். எனக்கு அந்த வரி போதவே போதாது. தேவையில்லாத மரபணுவைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பது அதே அளவுக்குப் பெரிய வேலை, அதற்கென்றே ஒரு புரதப் பட்டாளம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரவு பகலாக உழைக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்து பொருந்தும். மரபணுவைப் பூட்டுகிற இயந்திரங்கள் எல்லா செல்லிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். செல்லுக்குச் செல் மாறுவது, அந்த இயந்திரத்தை எந்த மரபணுவிடம் அழைத்துப்போவது யார் என்பது. இது தெரியாமல் படித்தால் ஹெச்டாக், பாலிகோம்ப், ஹெச்.பி.1 என்று பெயர்கள் வரிசைகட்டி வந்து தலை சுற்றும். தெரிந்துவிட்டால் ஒவ்வொரு பெயரைப் பார்த்ததும் "இவர் அழைத்துப்போகிறவரா, பூட்டுகிறவரா?" என்று மட்டும் கேட்டால் போதும்.

படி 1: மரபணு சும்மா இருக்கிறதா, அடக்கி வைக்கப்பட்டிருக்கிறதா?

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நரம்பு செல்லில் அல்புமின் வராததற்கு முதல் காரணம், கல்லீரலில் அதைத் தூண்டிவிடும் காரணிகள் அங்கே இல்லாததுதான். கூப்பிட ஆளில்லை, அதனால் மரபணு பேசவில்லை. அடக்கி வைப்பது வேறு: கூப்பிட ஆள் இருந்தும் பேச விடாமல் ஒரு புரதம் குறுக்கே நிற்பது.

பிரித்துப் பார்க்க எளிய வழி, சந்தேகத்துக்குரிய புரதத்தை நீக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. நீக்கியதும் மரபணு விழித்துக்கொண்டால் அது அடக்கப்பட்டிருந்தது. அசையவே இல்லையென்றால் தூண்ட ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம், பூட்டு ஒன்றுக்கு மேல் இருந்திருக்கலாம், அல்லது பூட்டியவர் போன பிறகும் பூட்டு நின்றிருக்கலாம். இந்தக் கடைசி வாய்ப்பைக் கட்டாயம் மனதில் வையுங்கள், படி 6-இல் அது திரும்ப வரும்.

படி 2: டி.என்.ஏ. எதில் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள்

பாக்டீரியாவில் கதை எளிது. ஜாக்கோப், மோனோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1961-இல் விளக்கிய லாக் அடக்கி என்ற புரதம், மரபணுவின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்து படியெடுக்கும் என்சைமின் வழியை மறித்துவிடும். அவ்வளவுதான்.

நம் செல்களில் டி.என்.ஏ. வெறுமனே கிடப்பதில்லை. ஒவ்வொரு செல்லிலும் சுமார் 2 மீட்டர் நீளமுள்ள இழை, சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள உட்கருவுக்குள் அடங்க வேண்டும். அதற்காக அது ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொள்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருளை, அதைச் சுற்றி 147 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்), ஏறக்குறைய 1.65 சுற்று. இதுதான் நியூக்ளியோசோம். இப்படிச் சுற்றிய நிலையில் இருக்கும் டி.என்.ஏ.வுக்கும் புரதங்களுக்கும் சேர்த்துக் குரோமாட்டின் என்று பெயர்.

இங்கே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஹிஸ்டோனின் முனையும் நூல் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதை வால் என்கிறார்கள். அந்த வாலில் லைசின் என்ற அமினோ அமிலம் பல இடங்களில் வரும். லைசினுக்கு நேர்மின்னூட்டம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். லைசினின் மேல் அசிட்டைல் என்ற ஒரு சிறு வேதிக் குழுவை ஏற்றினால் அந்த மின்னூட்டம் போய்விடும், பிடி தளரும், இயக்கும் புரதங்கள் வந்து அமரவும் இடம் கிடைக்கும். அசிட்டைலை எடுத்துவிட்டால் பழையபடி இறுகும். மெத்தில் குழு வேறு மாதிரி. அது மின்னூட்டத்தை மாற்றுவதில்லை, "இங்கே வா" என்று சில புரதங்களைக் கூப்பிடும் அடையாளமாக நிற்கிறது. எந்த லைசினில் மெத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அர்த்தமே தலைகீழாகும்: ஹிஸ்டோன் 3-இன் 4-ஆவது லைசினில் (அதாவது அமினோ அமில வரிசையின் 4-ஆவது இடத்தில் உள்ள லைசினில்) மூன்று மெத்தில் என்றால் அது இயங்கும் மரபணுவின் தொடக்கத்தில் காணப்படும் குறி, 9-ஆவது அல்லது 27-ஆவது லைசினில் மூன்று மெத்தில் என்றால் பூட்டின் குறி.

படி 3: முகவரி தெரிந்த புரதத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிதான் உயிர்நாடி, இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

பூட்டும் என்சைம்களுக்கு டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கத் தெரியாது என்றே பொதுவாகச் சொல்லலாம். அவற்றைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக, குறிப்பிட்ட எழுத்து வரிசையை அடையாளம் கண்டு ஒட்டும் ஓர் அடக்கிப் புரதம் வேண்டும். ரெஸ்ட் என்ற புரதம் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. 1995-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. நரம்பு செல்களுக்கே உரிய சோடியம் வாயில் போன்ற மரபணுக்களின் அருகே சுமார் 21 எழுத்து நீளமுள்ள ஒரு வரிசை இருக்கிறது, அதைத் தேடிப்போய் ரெஸ்ட் தன் துத்தநாக விரல்களால் (டி.என்.ஏ.வைப் பற்றும், துத்தநாகம் தாங்கிய மடிப்புகளால்) பற்றிக்கொள்கிறது. மனித மரபணுத் தொகுதியில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு.

ரெஸ்ட் தானாக எதையும் பூட்டுவதில்லை. அதன் ஒரு முனை சின்3 என்ற கூட்டத்தை இழுத்து வருகிறது, மறுமுனை கோரெஸ்ட் என்ற கூட்டத்தை. இரண்டிலும் அசிட்டைலை நீக்கும் ஹெச்டாக் என்சைம்கள் உண்டு. கோரெஸ்டோடு கூடவே எல்.எஸ்.டி.1 வருகிறது, அது 4-ஆவது லைசினின் மெத்திலைக் கழற்றும். அதாவது ஒரே வருகையில் "திற" என்ற குறிகள் இரண்டு துடைக்கப்பட்டுவிடுகின்றன. (2004-இல் எல்.எஸ்.டி.1 கண்டுபிடிக்கப்படும்வரை ஹிஸ்டோனில் ஏறிய மெத்தில் இறங்கவே இறங்காது என்றுதான் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.)

இப்போது செல் வகைகளுக்கு வருவோம். தோல், தசை, கல்லீரல் என்று நரம்பு அல்லாத பெரும்பாலான செல்களில் ரெஸ்ட் நிறைய இருக்கும், ஆகவே நரம்பு மரபணுக்கள் அங்கே வாய் திறக்காது. கருவில் ஒரு முன்னோடி செல் நரம்பு செல்லாக மாறும்போது ரெஸ்ட் சிதைக்கப்பட்டுக் குறைகிறது, பூட்டு விலகுகிறது. ஹெச்டாக், எல்.எஸ்.டி.1 இரண்டும் அந்த நரம்பு செல்லிலும் இருக்கின்றன, ஆனால் அவற்றை இந்த மரபணுக்களிடம் கூட்டிக்கொண்டு வர ஆளில்லை. இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தது: கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் நரம்பு செல்களே அல்ல, இருந்தும் நரம்புக்குரிய சில மரபணுக்கள் அங்கே இயங்குகின்றன. காரணம், பீட்டா செல்லிலும் ரெஸ்ட் கிடையாது.

நூற்றுக்கணக்கில் இருக்கும் கிராப் துத்தநாக விரல் புரதங்களும் இதே முறையில்தான் நடந்துகொள்கின்றன. தாவும் டி.என்.ஏ. துண்டுகளைத் தேடிப் பிடித்து, கேப்1 என்ற இடையாளைக் கூப்பிட, கேப்1 மெத்தில் ஏற்றும் செட்டிபி1-ஐக் கூப்பிடுகிறது. அதை இங்கே விரிக்கவில்லை.

படி 4: வந்த இயந்திரம் எது?

முக்கியமானவை நான்கு. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஹெச்டாக் வகை என்சைம்களைப் பார்த்துவிட்டோம். வேகமாக வேலை செய்யும், வேகமாகத் தலைகீழாக்கவும் முடியும். இன்றைக்கு அடக்கி நாளைக்குத் திறக்க வேண்டிய மரபணுக்களுக்குப் பொருத்தமானது.

இரண்டாவது பாலிகோம்ப். பழ ஈயிலிருந்து வந்த பெயர். ஆண் ஈயின் முன்னங்கால்களில் மட்டும் சீப்புப் பற்கள் போலக் கருத்த முட்கள் ஒரு வரிசை இருக்கும். 1940-களில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மரபணு மாற்றத்தில் அந்தச் சீப்பு நடுக்கால்களிலும் பின்னங்கால்களிலும் முளைத்தது, அதனால்தான் "பல சீப்பு" என்று பெயர். உடலின் எந்தப் பகுதியில் எந்த உறுப்பு என்று முடிவு செய்யும் ஹாக்ஸ் மரபணுக்கள், அடக்க ஆளில்லாமல் தவறான இடத்தில் இயங்கியதுதான் காரணம் என்பதை மரபியலாளர் எட்வர்ட் லூயிஸின் 1978-ஆம் ஆண்டுக் கட்டுரை எடுத்துக்காட்டியது. காலில் முளைத்த சில முட்கள் இவ்வளவு பெரிய துறைக்கு வாசல் திறந்ததை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

பாலிகோம்பில் இரண்டு கூட்டங்கள். பி.ஆர்.சி.2-இல் உள்ள ஈ.இசட்.ஹெச்.2 என்சைம் ஹிஸ்டோன் 3-இன் 27-ஆவது லைசினில் மெத்தில் ஏற்றும். பி.ஆர்.சி.1 ஹிஸ்டோன் 2ஏ-இன் 119-ஆவது லைசினில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டும், நியூக்ளியோசோம்களை நெருக்கியும் வைக்கும். ஒன்றின் குறியை மற்றொன்று அடையாளம் கண்டு வருவதால் இரண்டும் ஒன்றையொன்று பலப்படுத்துகின்றன. இவர்கள் பெரும்பாலும் காவல் காப்பது, வளர்ச்சியின் போக்கைத் தீர்மானிக்கும் மரபணுக்களை. கருத் தண்டு செல்களில் (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஆரம்பச் செல்களில்) அத்தகைய பல மரபணுக்களில் "திற" குறியும் "பூட்டு" குறியும் ஒருசேர இருப்பதை 2006-இல் கண்டார்கள். எந்தப் பக்கம் போகும் என்று முடிவாகாத மரபணுக்கள் அவை. செல் தன் வழியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு குறி விலகி மற்றது நிலைக்கிறது.

மூன்றாவது, 9-ஆவது லைசினில் மெத்தில் ஏற்றும் என்சைம்களும் அந்தக் குறியைப் பற்றிக்கொள்ளும் ஹெச்.பி.1 புரதமும். இது இறுக்கமான, நிரந்தரத்தை நாடும் பூட்டு. குரோமோசோமின் மையப் பகுதிகள் இப்படித்தான் அடைபட்டிருக்கின்றன. மூக்கில் உள்ள மோப்ப செல்களில் இது அழகாக வெளிப்படும்: எலிக்கு மோப்ப ஏற்பி மரபணுக்கள் ஆயிரத்துக்கு மேல், ஆனால் ஒரு செல்லில் பேசுவது ஒரே ஒன்று, மற்றதெல்லாம் இந்த வகைப் பூட்டுக்குள் கிடக்கிறது.

நான்காவது டி.என்.ஏ.வின் மேலேயே மெத்தில் ஏற்றுவது. டி.என்.ஏ. எழுத்துகளில் சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில் சைட்டோசினின் தலையில் மெத்தில் ஏறும். பாலூட்டிகளின் உடல் செல்களில் இப்படிப்பட்ட இடங்களில் 70 முதல் 80 சதவீதம் வரை மெத்தில் ஏறியவை. விந்தணு உருவாகும் இடத்தில் மட்டும் இயங்க வேண்டிய மேஜ் போன்ற மரபணுக்கள் மற்ற செல்களில் தூங்குவது இதனால்தான். சில புற்றுநோய்களில் அந்த மெத்தில் உதிரும்போது அவை விழித்துக்கொள்கின்றன.

படி 5: பூட்டு எவ்வளவு தூரம் பரவுகிறது, எங்கே நிற்கிறது?

9-ஆவது லைசினின் குறியைப் பற்றிய ஹெச்.பி.1, அதே குறியை ஏற்றும் என்சைமையும் கூட்டிவரும். அது பக்கத்து நியூக்ளியோசோமில் குறியிடும், அங்கே இன்னொரு ஹெச்.பி.1 வந்து அமரும். இப்படியே நகர்ந்துகொண்டே போகும். பாலிகோம்பிலும் இதே ஏற்பாடு: பி.ஆர்.சி.2-இன் ஓர் உறுப்பான ஈ.ஈ.டி., ஏற்கெனவே ஏறிய மெத்தில் குறியைத் தொட்டவுடன் பக்கத்தில் இருக்கும் ஈ.இசட்.ஹெச்.2-இன் வேகம் கூடுகிறது.

1930-இல் மரபியலாளர் முல்லர் எக்ஸ் கதிரால் பழ ஈயின் குரோமோசோமைத் துண்டாக்கித் திருப்பி ஒட்டவைத்தபோது, கண்ணுக்குச் சிவப்பு தரும் மரபணு இறுகிய பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் கண் திட்டுத் திட்டாகச் சிவப்பும் வெள்ளையுமாக வந்தது. பூட்டு பரவி வந்து எட்டிய செல்கள் வெள்ளை, எட்டாத செல்கள் சிவப்பு.

பரவலை நிறுத்த எல்லைக் காவலும் உண்டு. சி.டி.சி.எஃப். புரதம் அமர்ந்த இடங்களும், ஓயாமல் இயங்கும் மரபணுக்களும் பல இடங்களில் அந்த வேலையைச் செய்கின்றன.

படி 6: பூட்டுவதும் பூட்டி வைத்திருப்பதும் ஒன்றல்ல

சரி, செல் பிரியும்போது என்ன ஆகிறது? டி.என்.ஏ. இரட்டிக்கிறது, பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு இழைகளுக்கும் பங்கு போகின்றன, இடைவெளியைப் புதிய ஹிஸ்டோன்கள் நிரப்புகின்றன. பழையவற்றின் குறியைப் பார்த்துப் புதியவற்றிலும் குறியிடுவது மேலே சொன்ன அதே "தொட்டுப் பரவும்" முறைதான். டி.என்.ஏ. மெத்திலுக்கு இன்னும் நேர்த்தியான ஏற்பாடு: பழைய இழையில் மெத்தில், புதிய இழையில் இல்லை என்ற அரைகுறை இடத்தை யூ.ஹெச்.ஆர்.எஃப்.1 புரதம் கண்டுபிடித்து, டி.என்.எம்.டி.1 என்சைமை அழைக்க, அது மறுபாதியை நிரப்பிவிடுகிறது.

அப்படியானால் முதலில் அழைத்துப்போன அடக்கிப் புரதம் அதன்பிறகும் தேவையா? இதற்கு ஒரே பதில் கிடையாது. பலரும் ஒரு மரபணுவுக்குக் கிடைத்த விடையை எல்லா மரபணுக்களுக்கும் பொருத்திவிடுகிறார்கள், அது தவறு. நோய் எதிர்ப்பு செல்களிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சி.டி.8 வகை டி செல்லில், டி செல்லின் இன்னொரு வகைக்குரிய சி.டி.4 மரபணு இயங்கக் கூடாது. அந்த மரபணுவுக்குள்ளேயே ஓர் அடக்கும் துண்டு இருக்கிறது, ரன்க்ஸ் புரதங்கள் அதைப் பற்றிப் பூட்டுகின்றன. செல் முதிர்வதற்கு முன்பே அந்தத் துண்டை வெட்டிவிட்டால் சி.டி.4 விழித்துக்கொள்ளும். முதிர்ந்த பிறகு வெட்டினால்? ஒன்றும் ஆகாது. செல் பல தடவை பிரிந்தும் சி.டி.4 அமைதியாகவே இருந்தது என்று 2001-இல் காட்டினார்கள். பூட்டியவர் போய்விட்டார், பூட்டு நிற்கிறது.

பாக்ஸ்5 கதை நேர் எதிர். பி செல்லை பி செல்லாக வைத்திருக்கும் இந்தப் புரதம், மற்ற வகைச் செல்களுக்குரிய மரபணுக்களை அடக்குகிறது. முதிர்ந்த பி செல்லில் இதை நீக்கியதும் அந்தச் செல்கள் பின்னோக்கி இளம் நிலைக்குப் போய், பிறகு டி செல்களாகவே மாறிவிட்டன என்பதை எலிகளில் 2007-இல் கண்டார்கள். அங்கே காவலர் நகர்ந்தால் கதவு திறந்துவிடும்.

படி 7: குறி இருப்பதைக் கண்டு அதுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள்

எதிர்ப்பொருள் கொண்டு குரோமாட்டினைப் பிடித்து, அதிலுள்ள டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தும் சிப்-செக் முறையில் எந்தக் குறி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் மரபணு முதலில் நின்றுபோய், அப்புறம் குறி வந்து சேர்ந்திருக்கலாம். குறியை மாற்றிப் பார்க்கும் சோதனைதான் உறுதி தரும். 2013-இல் ஈக்களில் ஹிஸ்டோன் 3-இன் 27-ஆவது லைசினையே எடுத்துவிட்டு, அந்த என்சைமால் மெத்தில் ஏற்ற முடியாத ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். என்சைம் நலமாக இருந்தும், பாலிகோம்ப் பழுதான ஈக்களில் போலவே ஹாக்ஸ் மரபணுக்கள் இடம் தவறி இயங்கின. ஆக, அந்த லைசின் வெறும் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை. குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால், நாம் சொல்லும் டி.என்.ஏ. வரிசையைத் தேடிப்போகும் கேஸ்9 புரதத்தின் வெட்டும் திறனை நீக்கி, கேப்1-ஐக் கூப்பிடும் கிராப் பகுதியை அதில் ஒட்டி அந்த இடத்துக்கு அனுப்பலாம். படி 3-இல் பார்த்த அழைத்துப்போகும் வேலையை நாமே கையால் செய்வது போலத்தான்.

படி 8: எல்லாப் படிகளையும் ஒரே மரபணுவில் ஓட்டிப் பாருங்கள்

நான் எடுத்துக்கொள்வது கருப்பருவ ஹீமோகுளோபின். கருவில் இருக்கும்போது ரத்தச் சிவப்பணுக்கள் காமா குளோபினைக் கொண்டு ஹீமோகுளோபின் செய்யும், பிறப்பை ஒட்டி அது குறைந்து பீட்டா குளோபின் அந்த இடத்துக்கு வரும். அரிவாள் செல் நோயில் பழுது பீட்டாவில்தான் இருக்கிறது. காமாவைத் திரும்ப எழுப்பினால் நோய் தணியும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும், யார் அதை அடக்குகிறார் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

2008-இல் பி.சி.எல்.11ஏ என்ற புரதம் பிடிபட்டது. அதை நீக்கினால் காமா விழிக்கிறது, ஆக காமா சும்மா இருக்கவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருந்தது. முகவரி: காமா மரபணுவின் தொடக்கத்துக்கு 115 எழுத்து முன்னால், டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறே எழுத்து. சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அவர்களுக்கு வளர்ந்த பிறகும் காமா தொடர்ந்து வரும். இயந்திரம்: நியூர்ட் என்ற கூட்டம். அதில் ஹெச்டாக் என்சைம்களும், நியூக்ளியோசோமை நகர்த்தும் புரதமும் சேர்ந்தே இருக்கின்றன. நீக்கினால் திறந்துகொள்கிறது என்பதால், இந்தப் பூட்டு பாக்ஸ்5 ரகம்.

அப்படியானால் பி.சி.எல்.11ஏ மரபணுவையே வெட்டி எறிந்துவிடலாமே? முடியாது. பி செல்கள் உருவாக அது வேண்டும், மூளை வளர்ச்சிக்கும் வேண்டும், ரத்தத் தண்டு செல்களுக்கும் வேண்டும். ஒரே அடக்கி, செல்லுக்குச் செல் வேறு பொறுப்பு. வழி 2013-இல் தெரிந்தது: பி.சி.எல்.11ஏ-வைச் சிவப்பணு வழியில் மட்டும் உசுப்பிவிடும் ஒரு டி.என்.ஏ. துண்டு அந்த மரபணுவுக்குள்ளேயே இருக்கிறது, அதன் முக்கியமான இடத்தில் கேட்டா1 என்ற காரணி வந்து அமர்கிறது. நோயாளியின் ரத்தத் தண்டு செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற டி.என்.ஏ. வெட்டும் கருவியால் அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன.

அந்தத் தண்டு செல்களிலிருந்து பிறக்கும் பி செல்களிலும் அதே வெட்டு இருக்கிறது. ஆனால் பி செல் தன் பி.சி.எல்.11ஏ-வை இயக்க அந்தத் துண்டை நம்பியிருக்கவில்லை, அதனால் அதன் வேலை கெடுவதில்லை. சிவப்பணுவாகும் செல்லில் மட்டும் பி.சி.எல்.11ஏ குறைகிறது, நியூர்டைக் காமாவிடம் கூட்டிக்கொண்டு வர ஆளில்லாமல் போகிறது, பிறப்போடு நின்றுபோன காமா குளோபின் மறுபடியும் உருவாகத் தொடங்குகிறது.